ரோடு போடுகிறவனுக்கு வழி எங்கே?

(காசிமேட்டில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ரோடு வேலையைப் பற்றியதாகும். இக்கூட்டத்திற்கு ஏற்பாடு செய்த வாலிபர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களில் பலர் ரோடு வேலைக்குப் போகிறோம். அந்த வேலையையே நம்பி இறங்கலாமா? அதில் நாளைக்கும் பிழைப்பு உண்டா?" என்பது அக்கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது சட்டம். படகுக்குத் தடை போடலாம். வயிற்றுக்குத் தடை போட யாரால் முடியும்? ஆகவே இக்கேள்வி விளையாட்டுக் கேள்வியல்ல. வாயால் தைரியம் சொல்லிவிட்டுப் போகாமல், கணக்குப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகும்.

சுயமரியாதைக் கூட்டமென்றால் சாமியையும் சாஸ்திரத்தையும் பற்றித்தானே பேசுவார்கள், இவர்களுக்கு ஜல்லியும் தாரும் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மனிதன் மானத்தோடு வாழ வேண்டும் என்பதற்காகத்தான் நாம் சாமியைப் பற்றியும் பேசுகிறோம். விடியற்காலையில் கூலிக்காரர் கூடும் முனையில் நின்றுகொண்டு, மேஸ்திரி "ஏறு வண்டியில்" என்றால் சோறு, "நாளைக்கு வா" என்றால் பட்டினி என்று இருக்கிறவனுக்கு மானம் எங்கிருந்து வரும்? ஆகையால் இது நம்முடைய கேள்விதான்.

முதலில், ரோடு வேலை உலகத்தில் இருக்கிறதா, தீர்ந்துபோய்விட்டதா என்று பார்ப்போம். தோழர்களே, அந்த வேலை தீரவே தீராது. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2014-ல் 91,287 கிலோமீட்டர் என்பது சர்க்கார் கணக்கு. பத்து வருஷத்துக்குள் அது 1,46,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இது நெடுஞ்சாலை மட்டும். மாகாணச் சாலை, ஜில்லாச் சாலை, கிராமச் சாலை, நகரசபைத் தெரு இவையெல்லாம் வேறு. அதோடு, ரோடு என்பது ஒரு தரம் போட்டால் முடிந்துபோகிற வேலையுமல்ல. துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரையில் இரவும் பகலும் வரிசையாக ஊர்ந்து போகும் கண்டெய்னர் லாரிகளை நீங்கள் பார்க்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையையும் பார்க்கிறீர்கள். போட்ட ரோட்டை மேலிருந்து லாரியும் அடியிலிருந்து தண்ணீரும் தின்கின்றன. இங்கே கடலும் சேர்ந்து தின்கிறது. ஆகவே லாரி ஓடுகிறவரையில், மழை பெய்கிறவரையில், ரோடு வேலை உண்டு.

வேலை உண்டு என்றால் வேலைக்காரனுக்கு வாழ்வு உண்டு என்று அர்த்தமா? இங்கேதான் சூது இருக்கிறது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு மேம்பாலச் சாலை போடுவதாக 2009-ல் ஒரு பிரதம மந்திரி வந்து அஸ்திவாரக்கல் நாட்டினார். வேலை நடந்தது. கூவத்தில் தூண்கள் எழும்பின. 2012-ல், ஆற்றுக்குள் தூண் நிற்கிறது என்று மாகாண சர்க்கார் வேலையை நிறுத்தியது. தூண்கள் வருஷக்கணக்கில் மொட்டையாய் நின்றன. 2022-ல் இன்னொரு பிரதம மந்திரி வந்து இன்னொரு அஸ்திவாரக்கல் நாட்டினார். செலவு சுமார் 5,800 கோடி ரூபாய் என்றார்கள். ஒரே சாலைக்கு இரண்டு கல்! கல் நாட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆற்றில் தூண் நிற்கலாமா கூடாதா என்று இரு சர்க்கார்களும் வாதம் செய்தன. அந்தத் தூணுக்குக் கம்பி கட்டியவன் 2012-ல் எங்கே போனான், என்ன சாப்பிட்டான் என்று எந்தச் சர்க்காராவது கேட்டதுண்டா? வேலை பத்து வருஷம் காத்திருக்கும். கூலிக்காரனின் வயிறு பத்து நாள் காத்திருக்குமா?

சர்க்காரிலேயே நிரந்தர வேலை கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று சொல்வீர்கள். அதையும் பார்த்தாய்விட்டது. 1997-ல் நமது மாகாண நெடுஞ்சாலை இலாகாவில் சுமார் 10,000 பேர் சாலைப் பணியாளர்களாக எடுக்கப்பட்டார்கள். பள்ளத்தை மூடுவது, ஓரத்துப் புதரை வெட்டுவது, மழைத்தண்ணீருக்கு வழி விடுவது இவர்கள் வேலை. பிறகு ஆட்சி மாறிற்று. 2002 செப்டம்பரில் ஒரே உத்தரவில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திருடினார்களா? வேலை செய்யவில்லையா? அப்படி ஒரு குற்றமும் சாட்டவில்லை. சாலைப் பராமரிப்பைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வேண்டாம் என்பதே அதன் கருத்து. அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராய்ப் போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். 41 மாதத்துக்குப் பிறகு, 2006 பிப்ரவரியில், அந்த ஆட்சியே தேர்தலுக்குச் சற்று முன்பு அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. எந்தத் தெய்வமும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒன்றாய் நின்றதும் ஓட்டு வந்ததும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தன. அதற்குப் பிறகும், அந்த 41 மாதத்தைப் பணிக்காலத்தில் சேர்க்க வேண்டுமென்று வருஷக்கணக்கில் கொடி பிடிக்க வேண்டியிருந்தது.

இது தனிப்பட்ட ஒரு மந்திரியின் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் அமைப்பே அப்படி இருக்கிறது. 1981-ல் நமது மாகாணத்தில் ஒரு நல்ல சட்டம் செய்தார்கள். ஒரு தொழிலாளி 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்திருந்தால் அவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. கேட்கும்போதே சந்தோஷமாயிருக்கிறதல்லவா? ஆனால் அதே சட்டத்தின் 7-வது பிரிவைப் படியுங்கள். கட்டிடம், பாலம், சாலை, கால்வாய், அணை முதலிய கட்டுமான வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. ஆலைக்காரனுக்கு 480 நாளில் நிரந்தரம். ரோடுக்காரனுக்கு 4,800 நாள் ஆனாலும் நிரந்தரமில்லை! கோயில் கர்ப்பக்கிரகத்தில் எல்லோரும் நுழையலாம், ஆனால் இன்ன இன்னார் நுழையக்கூடாது என்கிற மாதிரிதானே இது?

சட்டம் இப்படி விலக்கி வைத்தவனைக் கூலி வாங்கும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். டெண்டர் எடுக்கிறவர் ஒருவர். அவர் ஒரு துண்டை இன்னொருவருக்கு விடுகிறார். அவர் ஜல்லிக்கு ஒருவரையும் ஆளுக்கு ஒருவரையும் பேசுகிறார். கடைசியில் நிற்கிறவர் மேஸ்திரி. மேலிருந்து கொட்டுகிற பணம் படிக்குப் படி ஒழுகி, கூடை சுமக்கிறவன் கையில் விழுகிறபோது ஈரம் மட்டும் மிஞ்சுகிறது. 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் பந்தயத்துக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். தொழிலாளிக்குச் சட்டப்படி நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. நடுவிலிருந்த ஜமேதார் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டம் தடுத்த அடிமைத்தனம் என்று நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார். அந்த ஒரு ரூபாய்க்குள் அடிமைத்தனம் இருக்கிறது என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கு உங்கள் மேஸ்திரி எடுப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

நிரந்தரம் என்பது இந்த வட்டாரத்தில் எவ்வளவு கஷ்டமான சொல் என்பது உங்களுக்குப் புதிதல்ல. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள், எங்களைத் தனியாரிடம் தள்ளாதே என்று ரிப்பன் கட்டிடத்தின் முன் இரவும் பகலுமாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்றாம் நாள் இரவு போலீசார் அவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். ரோட்டைப் போடுகிறவனுக்கும் ரோட்டைக் கூட்டுகிறவளுக்கும் வியாதி ஒன்றே. அதன் பெயர் காண்டிராக்ட்.

இனி எந்திரத்தைப் பற்றிச் சொல்லுவோம். "ஜே.சி.பி. வந்தது, நூறு பேர் வேலை போயிற்று" என்று பலர் வருத்தப்படுகிறார்கள். பகுத்தறிவுள்ளவன் எந்திரத்தின்மேல் கோபப்படக் கூடாது. சுமார் இருநூறு வருஷத்துக்கு முன், மக்காடம் என்ற ஸ்காத்லாந்துக்காரர் சிறு கல்லை அடுக்கடுக்காய்ப் பரப்பி ரோடு போடும் முறையைப் பரப்பினார். அந்தச் சிறு கல்லுக்காகக் கிழவரும் பெண்களும் குழந்தைகளும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்தார்கள். 1858-ல் அமெரிக்காவில் பிளேக் என்பவர் கல் உடைக்கும் எந்திரத்துக்குப் பேடண்ட் வாங்கினார். குழந்தை கையிலிருந்த சுத்தியலை எந்திரம் வாங்கிக்கொண்டது நல்லதா, கெட்டதா? நல்லதென்றுதான் நாம் சொல்லுவோம். தலையில் சுமந்து கழுத்தெலும்பு தேய வேண்டுமென்று எவனுக்கும் ஆசை இருக்க முடியாது. ஆனால் எந்திரத்தின் லாபம் முழுவதும் எந்திரத்துக்குச் சொந்தக்காரனுக்கே போய், சுமை இறங்கியவனுக்குப் பட்டினி மட்டும் வருகிறதே, அதுதான் கூடாதென்கிறோம்.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்லும் பதிலின் ஒரு பகுதி இது: கூடையை நம்பி இந்தத் தொழிலில் இறங்காதீர்கள். கூடைக்கு நாளை இல்லை. ரோலர் ஓட்டவும், தார்க்கலவை பரப்பும் எந்திரத்தை நடத்தவும், மட்டம் பார்க்கவும், எந்திரத்தைக் கழற்றி மாட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். விசைப்படகின் எஞ்சினை நடுக்கடலில் கழற்றிச் சரிசெய்கிறவனுக்கு ரோலர் எஞ்சின் பெரிய வித்தையா? எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்தவன் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகட்டும். உரிமம் வாங்கட்டும். மேஸ்திரி தயவில்லாமல் வேலை கேட்க அந்தக் காகிதம் உதவும்.

பெண்களையும் சேர்த்தே சொல்லுகிறோம். இருபது வருஷம் ஜல்லி சுமந்தாலும் பெண் சித்தாளாகவேதான் இருக்கிறாள். நேற்று வந்த பையன் இரண்டு வருஷத்தில் பெரியாள் ஆகிவிடுகிறான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. சட்டத்தை ஏமாற்ற என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே வேலையைக் கொடுக்காமலே இருந்துவிட்டார்கள்! சுமப்பது அவளுக்கு, ஓட்டுவது அவனுக்கு. ஸ்டீரிங்கைப் பிடிக்கும் கை ஆண் கையா பெண் கையா என்று ரோலருக்குத் தெரியுமா?

தோழர்களே, இவ்வளவும் மனிதன் செய்த ஏற்பாடு. ஆனால் ரோடு வேலைக்காரனைக் கேட்டால், "எல்லாம் தலைவிதி, போன ஜென்மத்துப் பாவம்" என்கிறான். இந்த ஒரு வார்த்தை காண்டிராக்டருக்கு எவ்வளவு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்! வேலை ஆரம்பிக்கும்போது பூமி பூஜை. மந்திரம் சொன்னவர் தட்சிணையோடு காரில் போகிறார். அவர் ஒரு கூடை மண் எடுத்ததுண்டா? ஆயுத பூஜை அன்றைக்கு ரோலருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அந்த ரோலருக்கு முன்னால் கொதிக்கும் தாரில் நடக்கிறவன் காலுக்கு ஒரு நல்ல பூட்ஸ் கிடையாது. எலுமிச்சம்பழத்துக்கு ஆகிற செலவை வருஷம் பூராவும் சேர்த்து வைத்தாலே நாலு ஜோடிக் கையுறை வாங்கலாமே!

தலைவிதி என்பது ஜாதியின் மறுபெயர். மண்வேலைக்கும் கல்வேலைக்கும் இந்நாட்டில் ஜாதியே வைத்திருந்தார்கள். மண்ணொட்டர், கல்லொட்டர் என்று பிறவியோடு பெயரை ஒட்டினார்கள். ரோடு போட்டவனின் இனத்தானை அந்த ரோட்டில் நடக்கவும் விடவில்லை. 1924 மார்ச்சு 30-ல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் எதற்காக? கோயிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த பொதுத் தெருவில் நடப்பதற்காக. நாய் நடந்த தெருவில், பன்றி நடந்த தெருவில், மனிதன் நடக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஜெயிலுக்குப் போகவேண்டியிருந்தது. 1925 நவம்பரில் முடிந்தபோதும் நான்கு தெருவில் மூன்றைத்தான் திறந்தார்கள். அன்று தெருவில் நடக்க விடாதவர்கள் சொன்ன காரணமும் விதிதான். இன்று நிரந்தர வேலை கொடுக்காதவர்கள் உங்கள் வாயாலேயே சொல்ல வைக்கிற காரணமும் விதிதான்.

இன்னொரு விஷயமும் சொல்லாமலிருக்க முடியாது. "வடக்கத்தியான் வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டான்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அவன் டிக்கெட் எடுத்துக்கொண்டு உங்கள் சோற்றைப் பறிக்க வந்தவனல்ல. குறைந்த கூலிக்கு, ஊர் பாஷை தெரியாத, எதிர்த்துப் பேச ஆளில்லாத மனிதன் வேண்டுமென்று காண்டிராக்டர் கொண்டுவந்தவன். நம்மவர்கள் கங்காணி பின்னால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனதும் இப்படித்தான். மலேயாவில் ரோடும் ரயில் பாதையும் போட்ட கூலிகளில் எத்தனை பேர் தமிழர்! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அந்தப் பொய்யால் எந்தத் தொழிலாளிக்காவது ஒரு காசு கூலி கூடிற்றா? அவனுக்கும் உங்களுக்கும் ஒரே கூலி என்று ஆனால், அவனைக் கொண்டுவருவதில் காண்டிராக்டருக்கு லாபமில்லை. ஆகவே அவனை விரட்டாதீர்கள். அவன் கூலியை உயர்த்துங்கள்.

இனி உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ரோட்டில் கொட்டும் தார்க்கலவை அதற்கும் மேலே சூடாயிருக்கிறது. அதன் புகையைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2011-ல் கூடி ஆராய்ந்து, ரோடு போடும் வேலையில் சுவாசிக்கும் தார்ப்புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆகவே இந்தத் தொழிலில் நாளைய பிழைப்பு என்பது வேலையை மட்டும் பொறுத்ததல்ல. நாளைக்கு உடம்பு இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

அதற்காக ஏற்பட்டதுதான் நலவாரியம். அதுவும் யாரும் தானமாய்க் கொடுத்ததல்ல. கட்டிடத் தொழிலாளிகள், முக்கியமாய்ப் பெண்கள், கிளர்ச்சி செய்ததன்பேரில் நமது மாகாணத்தில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு முழுவதும் கிளர்ச்சி நடந்து, 1996-ல் இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று. சாலை வேலையும் அதில் அடங்கும். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நிதிக்குப் போக வேண்டும். 10 கோடி ரூபாய் ரோடு என்றால் 10 லட்சம் ரூபாய் உங்கள் பணம். அந்தப் பணம் என்னவாயிற்று? 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன கணக்குப்படி, நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் 9,500 கோடி. மீதி தூங்கிற்று. ஏன்? கேட்க வேண்டியவன் பதிவு செய்துகொள்ளவில்லை. பதிவு செய்தவன் புதுப்பிக்கவில்லை. உண்டியலில் போட்ட காசைப் பற்றித்தான் கேள்வி கேட்கக் கூடாதென்று பழக்கிவிட்டார்கள். நலநிதியைப் பற்றியுமா கேட்கக் கூடாது?

இவற்றில் மத்திய சர்க்கார் செய்த தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, இது நல்லது. முன்பு 20 ஆள் வைத்திருந்தாலே காண்டிராக்டர் லைசென்சு வாங்க வேண்டும். இப்போது அது 50 ஆளாயிற்று. 49 ஆளோடு நிறுத்திக்கொள்ள எந்த மேஸ்திரிக்கும் ஜோசியர் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஆகவே, ரோடு வேலையை நம்பலாமா என்று கேட்ட வாலிபர்களுக்கு நமது முடிவான அபிப்பிராயம் இது. வேலையை நம்பலாம், மேஸ்திரியை நம்ப வேண்டாம், விதியை நம்பவே வேண்டாம். நம்புவதானால் நான்கு காரியம் செய்துகொண்டு நம்புங்கள். முதலாவது, 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, வருஷத்தில் 90 நாள் இந்த வேலை செய்திருக்கிற ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு எழுதிக்கொடுங்கள். இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த நாள், எந்த ரோடு, யாரிடம், எவ்வளவு கூலி என்று தினம் எழுதி வையுங்கள். கோர்ட்டில் உங்கள் கண்ணீர் சாட்சியாகாது. அந்த நோட்டுப் புத்தகம் சாட்சியாகும். மூன்றாவது, எந்திரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். நான்காவது, சங்கமாய்ச் சேருங்கள். அந்தச் சங்கம் நியமனக் கடிதத்தைக் கேட்கட்டும். 1981-ம் வருஷத்துச் சட்டத்தில் உங்களை வெளியே தள்ளிய அந்த 7-வது பிரிவைத் திருத்தக் கேட்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் குடமும் வேட்டியும் கேட்காமல் இதைக் கேளுங்கள்.

சங்கமென்றால் பயப்படுகிறவர்களுக்கு இதே வடசென்னையின் சரித்திரத்தைச் சொல்லுகிறோம். 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகள்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். மீனவர் குடியில் பிறந்த சிங்காரவேலர்தான் 1923 மே முதல் தேதி இந்தச் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தினம் கொண்டாடினார். அவர்களுக்கு நல்ல நேரம் பார்த்துச் சொன்னவர் யார்? அவர்கள் பஞ்சாங்கத்தையா புரட்டினார்கள்? தங்கள் நிலையைத் தாங்களே யோசித்தார்கள். பிறகு ஒன்றாய் நின்றார்கள்.

நீங்களும் யோசியுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், மேஸ்திரி சென்ற வாரம் கொடுத்த கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் சொன்னது சரியென்று பட்டால், நாளைக் காலையில் கூலிக்கு நிற்கிற முனையில் பக்கத்தில் நிற்கிறவனிடம் இதைச் சொல்லுங்கள்.